உடையிறதுதான் அந்த போல்ட்டோட வேலை

1/ ஒரு பனிக்கால த்ரெட். மெக்கானிக் வேலை பாதி, மருத்துவம் பாதி. நான் வேலை பார்ப்பது கனடாவில், ஒன்டாரியோ பக்கம் ஒரு கிராமம். பனி விழுந்தா, டிராக்டர்ல மாட்டின ஸ்னோ ப்ளோயர் ஓடினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்.

2/ அன்னைக்கு டியூட்டி. காலை 5 மணி. 'டக்'னு ஒரு சத்தம். டிராக்டர் ஓடுது, ப்ளோயர் சுத்தல. ஷியர் போல்ட் போச்சு. புதுசு போட்டேன். பி.டி.ஓ-வைப் போட்ட உடனே அதுவும் போச்சு.

3/ கரன்ட்டுக்கு ஃபியூஸ் மாதிரி இது. ப்ளோயர் சிக்கினா, போல்ட் முதல்ல அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாத்தும்.

4/ டூல் பாக்ஸ்ல கிரேடு 8 போல்ட் ஒண்ணு இருந்துச்சு. 'இது உடையாதுல்ல'ன்னு எடுத்தேன். உதவிக்கு வந்த பக்கத்துப் பண்ணைப் பெரியவர் கேட்டார்: "டாக்டர், இது உடையலன்னா அடுத்து எது உடையும்?"

5/ போல்ட் தலையைப் பாருங்க. கோடே இல்லைன்னா கிரேடு 2. மூணு கோடுன்னா 5. ஆறு கோடுன்னா 8. மேனுவல்ல சொன்ன கிரேடு, சொன்ன அளவு. அவ்வளவுதான்.

6/ திரும்பத் திரும்ப உடைஞ்சா காரணம் தேடணும். உள்ளே ஏதாவது சிக்கியிருக்கா? ராத்திரி ஈரப்பனி உறைஞ்சு பிளேடு ஒட்டிக்கிச்சா? போல்ட் ஓட்டை தேய்ஞ்சு நீள்வட்டமா ஆயிடுச்சா? பேரிங் இறுகிப்போச்சா? இன்ஜினை முறுக்கி வச்சுக்கிட்டே பி.டி.ஓ போட்டீங்களா?

7/ என் கேஸ்ல, பனிக்குள்ள புதைஞ்சு கிடந்த விறகுக்கட்டை. பிளேடுக்கும் தகரத்துக்கும் நடுவுல. பார்த்ததும் கை தானா உள்ளே போச்சு. பெரியவர் தோளைப் பிடிச்சு இழுத்தார். இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு!

8/ இதான் முக்கியம். பி.டி.ஓ ஆஃப், இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்ல. எல்லாம் நிக்கிற வரைக்கும் காத்திருங்க. அப்புறமும் கை வேண்டாம், நீளமான கம்பு. இறுகி நிக்கிற பிளேடு, அடைப்பு விட்டதும் சட்டுனு திரும்பும். விரல் போக அது போதும்.

9/ காரணத்தைப் பார்க்காம "டோஸைக் கூட்டிக் குடுங்க டாக்டர்"னு கேக்குறவங்களை நான் திட்டுவேன். அன்னைக்கு அதையேதான் நானும் செய்யப் பார்த்தேன்.

10/ டியூட்டிக்கு 40 நிமிஷம் லேட். நைட் டாக்டர் எனக்காக நின்னார். போய்ச் சேர்ந்தேன், பத்து விரலோட.