டாக்கா, மழைக்கு முந்தி

ஏப்ரல் 8
மாத்திரை ஆரம்பம். கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின், ஓமெப்ரசோல். இரண்டு வேளை, 14 நாள். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி. சின்ன வயசிலேயே ஒட்டியிருக்கும். ஆச்சரியமில்லை. கோபம்தான்.

ஏப்ரல் 10
வாயெல்லாம் கசப்பு. நாக்கடியில் பழைய செப்புக் காசை அடக்கி வைத்த மாதிரி. டீயும் கசக்கிறது. காலரா வார்டில் இடமில்லை, வெளியே கூடாரத்திலும் கட்டில் போட்டாச்சு. கட்டில் நடுவே ஓட்டை, கீழே வாளி, வாளியில் கஞ்சித் தண்ணி. ஒரு ரிக்‌ஷாக்காரர். கண் குழிந்து, விரல் தோல் சுருங்கி, நாடியே அகப்படவில்லை. முதல் அரை மணியில் கிலோவுக்கு 30 மில்லி சலைன். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 11
தூக்கமில்லை. படிக்கும்போது மனப்பாடம் செய்த கணக்கு மண்டைக்குள் ஓடுகிறது. வெறும் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது, தன்னார்வலர்களுக்குக் காலரா வர 10,000 கோடி கிருமி வேண்டியிருந்தது. சோடா உப்பால் அமிலத்தை அடக்கிவிட்டுக் கொடுத்தால் 10 லட்சமே போதும். என் வயிற்றில் யூரியாவை உடைத்து அம்மோனியா பண்ணிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று ஓமெப்ரசோல் வேறு. கழுவிக் கழுவிக் கை வெடித்துவிட்டது.

ஏப்ரல் 12
பயாப்ஸித் தாளைத் திரும்பப் பார்த்தேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி என்றால் அமிலம் கூடும். மேலே பரவினால் குறையும். எனக்கு மேலேயும் இருக்கிறது. வருஷா வருஷம் பேதி வந்தது இதனாலா? ஹாஸ்டல் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேனே. இனி வெளியே எதுவும் சாப்பிடுவதாக இல்லை.

ஏப்ரல் 13
கசப்பு. உப்புசம். லீவு நாளில் கட்டுரைகள். லிமாவில் ஹெலிகோபாக்டர் புதிதாகத் தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் பேதி கூடியிருக்கிறது. இங்கே மத்லாபில் உயிருக்கு ஆபத்தான காலராவோடு தொடர்பு தெரிந்தது, காலராவுக்கு எதிர்ப்பொருள் இல்லாதவர்களிடம் மட்டும். ஜெர்மனியிலோ நேர் எதிர்: கிருமி இருந்த குழந்தைகளுக்குப் பேதி குறைவு. அமிலம் குறைந்ததாலா, இரண்டும் ஒரே அழுக்குத் தண்ணீரில் வந்ததாலா? ஷிகெல்லா அமிலத்துக்கே அசைவதில்லை, சில பத்துக் கிருமி போதும் அதற்கு. மூடி வைத்தேன். எரிச்சல்.

ஏப்ரல் 14
வருஷப் பிறப்பு. இவர்களுக்கும் இன்றுதான், பொஹேலா பொய்ஷாக். நர்ஸ் ஆபா பாந்தா பாத் கொண்டுவந்தார். நம்ம பழைய சோறேதான். பச்சை மிளகாய், வெங்காயம், பொரித்த இலிஷ் மீன். எந்தத் தண்ணீரில் ஊறியதோ என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கினேன். கசப்பையும் மீறி ருசி. அம்மா போனில், “மாங்காய்ப் பச்சடி பண்ணினியாடி?” மாங்காய்க்கு எங்கே போக.

ஏப்ரல் 15
விடிகாலையிலிருந்து போகிறது. ஆபாவின் சோறா, அமாக்சிசிலினா? அந்த மருந்தே இதைச் செய்யும். வாளியைப் பார்க்கிற கண்ணால் என்னுடையதையும் உற்றுப் பார்க்கிறேன். மஞ்சள்தான், கஞ்சி நிறமில்லை. அசிங்கமான நிம்மதி. ஓஆர்எஸ் கரைத்துக் குடித்தேன். உப்புக் கண்ணீர் ருசி. வார்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 16
குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். விழுங்கினேன். ஆபா கேட்டார், “முகம் ஏன் இப்படி?” வெயில் என்றேன்.

ஏப்ரல் 19
நல்ல பசி. ஆச்சரியமாக இருக்கிறது. கிருமி போனால் அமிலம் திரும்புமா? பலருக்குத் திரும்புகிறது. திரும்பினாலும் இந்த ஊரில் மறுபடி தொற்றுவது சுலபம். பிறகு எதற்கு இந்தக் கசப்பு?

ஏப்ரல் 21
கடைசி மாத்திரை. தைரியமாக இருக்கிறது. மத்தியானம் அதுவும் இல்லை. கிருமி போனதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கு நான்கு வாரமாவது போகணும், மே 20க்கு எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு வாரம் நெஞ்சு எரிந்தாலும் ஓமெப்ரசோல் தொடக்கூடாது.