கால் துளி ஸ்பிரிற்

கொலன்னாவையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் லொறிச் சாரதியான இளைஞன் ஒருவன், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் வந்தான். விபத்தொன்றின் பின் அவனது இரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 140 மில்லிகிராம் அற்ககோல் இருந்ததாம்.

"ஊசி குத்த முதல் ஸ்பிரிற்றாலே துடைச்சவை, மாஸ்ரர். அதுதானே ரத்தத்திலே கலந்திருக்கும்?" என்றான்.

இரசாயன ஆசிரியனுக்குக் கணக்கென்றால் கை துடிக்கும். தாளொன்றை எடுத்தேன். 70 வீத ஸ்பிரிற்றின் ஒரு துளியில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் அற்ககோல் உண்டு. எடுத்த இரத்தம் 5 மில்லிலீற்றரானால், கால் துளி உட்புகுந்தாலே 140 காட்டிவிடும்! சட்டம் வாகனமோட்டிக்கு விதித்த எல்லையோ அதைவிட மிகக் குறைவு. "உம்முடைய பக்கம் நியாயம் இருக்கிறது, தம்பி" என்று கூறித் தாளையும் கொடுத்தனுப்பினேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கணக்குப் பிழையன்று, ஆயினும் அந்தக் கால் துளி எவ்வழியாக உட்புகும்? தோலிற் பூசிய ஸ்பிரிற் ஒரு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும். ஊசியின் துளையோ நாளத்தின் உள்ளே இருக்கிறது. மது அருந்தாதவர்களின் கையை அற்ககோலால் துடைத்து இரத்தம் எடுத்துப் பார்த்த சோதனைகளில், தோல் உலர்ந்திருந்தபோது பொருட்படுத்தத்தக்க அளவு எதுவும் தென்படவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சை ஊசியின்மேல் வைத்து அழுத்தினாலோ, ஈரம் உலராத விரல்நுனியில் குத்தித் துளி எடுத்தாலோதான் ஆபத்து. சுவீடன் அறிஞர் விட்மார்க் 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைக்கு விரல்நுனி இரத்தமே போதும். அதிற் பயன்பட்ட இருகுரோமேற்று, குடித்த அற்ககோலையும் துடைத்த அற்ககோலையும் பிரித்தறியாது. இக்காலத்து வாயுக் குரோமட்டோகிராஃபி, ஐசோபுரோப்பைல் அற்ககோலை வேறாகக் காட்டிவிடும். துடைத்தது எதனோலாயின் அக்கருவியும் கைவிரிக்கும். எனவேதான் இப்பரிசோதனைக்கு அற்ககோல் சேராத கிருமிநாசினியால் துடைக்கவேண்டுமென விதித்திருக்கிறார்கள். அவ்விதியை மீறியிருந்தால் வழக்கறிஞர் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், அதற்காக 140 பொய்யாகிவிடாது.

மறுநாட் காலை அவன் வீட்டுக்குப் போனேன்.

"துடைத்த இடம் ஈரமாக இருந்ததா, தம்பி?"

"இல்லை, காய்ந்த பிறகுதான் குத்தினவை."

"விரலிலா?"

"முழங்கை மடிப்பிலே."

பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. உள்ளே தாயார் தேநீர் ஆற்றும் ஓசை கேட்டது. அவன் வாயிலை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த அத்தாளை எடுத்து என் கையில் வைத்தான்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, மாஸ்ரர்."