தோலும் நாதமும்

ஓசைகளுள் சிலவற்றை இரைச்சல் என்று வெறுக்கின்றோம். சிலவற்றை இசை என்று விரும்புகின்றோம். இவ்வேறுபாடு யாது பற்றியது? அதிரும் பொருள் தன்னைச் சூழ்ந்த காற்றை அசைக்க, அவ்வசைவு அலையலையாய் வந்து நம் செவிப்பறையைத் தாக்குதலே ஓசையாம். அவ்வதிர்வு ஒழுங்கற்றதாயின் இரைச்சல்; ஒழுங்குடையதாயின் நாதம். நாதத்திற்குக் குணங்கள் மூன்று. விநாடிக்கு எத்துணை அதிர்வுகள் என்பதைப் பொறுத்தது சுருதி. அதிர்வின் வீச்சைப் பொறுத்தது வன்மை. முதலதிர்வோடு கூடியெழும் துணையதிர்வுகளைப் பொறுத்தது தொனி. ஒரே சுருதியில் ஒலிப்பினும் வீணை வேறு, குழல் வேறு என நாம் அறிவது இம்மூன்றாவது குணத்தாலேயாம்.

இழுத்துக் கட்டிய தந்தியில் துணையதிர்வுகள் முதலதிர்வின் 2, 3, 4, 5 மடங்குகளாக அமையும். ஆகலின் அது செவிக்கு இனிதாகின்றது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் நிலை அஃதன்று. அதன் துணையதிர்வுகள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்குகளாம். முழுவெண்களாக அவை அமையாமையின் அத்தோல் முழங்குமேயன்றித் தெளிந்த சுருதி காட்டாது. ஆயின் நம் மிருதங்கமும் தோற்கருவியே. அது பாட்டோடு சுருதி சேர்வது எங்ஙனம்?

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள் இதனை ஆராய்ந்து 1920-ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1934-ஆம் ஆண்டிலும் வெளியிட்டார்கள். தோலின்மேல் மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களைக் கண்டார்கள். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுருதிகளாகத் திரண்டு, தந்தியைப் போலவே 1, 2, 3, 4, 5 என்னும் முறையில் நிற்பதைக் காட்டினார்கள். வலந்தலையின் நடுவே இட்ட கருஞ்சாந்தின் பளுவே இவ்வற்புதத்திற்கு முதன்மையான காரணம்.

இதனைப் படித்தறிந்த பின்னர் மிருதங்கம் செய்யும் முதியவர் ஒருவரது தொழிற்கூடத்திற்குச் சென்றிருந்தோம். இரும்புச்சத்துடைய கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலமாகத் தோலில் அப்பி, வழுவழுப்பான கல்லொன்றால் தேய்த்தார், விரலால் தட்டிச் செவி சாய்த்தார், மீண்டும் அப்பினார். இவ்வாறே படலத்தின்மேற் படலமாகப் பொழுது கழிந்தது. எப்பொழுது நிறுத்துவது என்பதை எவ்வாறு அறிவீர் என வினவினோம். "தோலே சொல்லும், தம்பி" என்றார். அவரிடம் அளவுகோலும் இல்லை, தராசும் இல்லை.

விஞ்ஞானி எண்ணால் நிறுவியதைப் பல தலைமுறையாகச் செவியால் தேர்ந்து காத்து வந்தவர்கள் இத்தொழிலாளரே. அங்ஙனமாகவும், வாசிப்பவருக்கு மாலை சூட்டும் உலகம், தோலைத் தொடுவது பற்றியே செய்பவரைத் தாழ்ந்தவர் என ஒதுக்கி வந்துள்ளது. கைப்பட்ட பொருள் அவைக்கு வேண்டும், கைக்குடையவர் வேண்டா என்பது என்ன நீதி? அறிவு ஏட்டிலும் சோதனைச்சாலையிலும் மட்டும் உறைவதன்று. கல்வி கற்கும் நாம் இசையைக் கேட்டு மகிழுங்கால், வாசித்தவர் யாவர் என்பதோடு, கருவியைச் செய்தவர் யாவர் என்றும் கேட்கப் பழகுவோமாக. பெயர் கேட்பதே மதிப்பளித்தலின் முதற்படி.