கெட்ட நாளுக்கு ஏற்ற வீடு

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எத்தனை பேர், என்ன வேலை, சைவமா அசைவமா, சொந்த ஊர் எது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அங்க நீங்க..." என்று இழுத்து நிறுத்துவார்கள். மிச்சத்தை நாம் நிரப்ப வேண்டும். நாற்பதைத் தாண்டிய, தனியாக இருக்கும் பெண் என்றால் கேள்விகள் இன்னும் நீளும். இத்தனை கேட்பவர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. எனக்கு பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு. பல வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன். பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன்.

இருந்த வீட்டை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னதும் தேடல் தொடங்கியது. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் என்று, டாக்டரிடம் போய்வர ஒரே பஸ் போதும் என்கிற தூரத்துக்குள் தேடினேன். வீட்டுக்காரர் என்னை எடைபோடுவார், நான் வீட்டை எடைபோடுவேன். இது எல்லாருக்கும் பொது. நான் போட்ட எடை சரிதானா என்று மறுபடியும் பார்க்க வேண்டியிருப்பது என்னைப் போன்றவர்களின் பாடு.

மனச்சோர்வு கவிந்த நாளில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஈரம் பூத்த சுவர்தான் கண்ணில் படும். சமையலறை இருட்டு, மாடிப்படி செங்குத்து, எதிர்வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை சரியில்லை. இந்த ஊரில் எனக்கென்று ஒரு வீடு கிடைக்கவே போவதில்லை என்று தீர்மானமாகத் தோன்றும். மனம் எகிறும் நாளில் நேர்மாறு. அதே வீட்டு வாசலில் காலை வைத்த உடனே மொட்டை மாடியில் தோட்டம் போட்டு, கூடத்தில் வாராவாரம் வாசகர் கூட்டம் நடத்தி, தை பிறப்பதற்குள் ஒரு நாவலையும் எழுதி முடித்திருப்பேன். கேட்ட அட்வான்ஸை அங்கேயே நின்று செல்போனில் அனுப்பிவிடக் கை துறுதுறுக்கும். "பிடிச்சிருக்கா மேடம்?" என்று தரகர் கேட்கும்போது மற்றவர்கள் தங்கள் மனதைக் கேட்டுப் பதில் சொல்கிறார்கள். நானோ, என் மனம் இன்று எந்த நிலையில் இருந்துகொண்டு பேசுகிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

அதனால் நிதானமாக இருந்த ஒரு வாரத்தில் உட்கார்ந்து, எனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். கூடவே இரண்டு விதிகள்: பார்த்த அன்றே பதில் சொல்வதில்லை, அக்கா பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இந்த யோசனை சட்டத்திலிருந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பின்னொரு நாள் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். எனக்கு அந்த ஒருவர் அக்காதான். மருத்துவமனைக்காக எழுதப்பட்ட அந்த ஏற்பாட்டை நான் டூ-லெட் பலகைகளுக்கும் நீட்டித்துக்கொண்டேன்.

எழுதத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. வீடு பார்க்க நாம் போவதெல்லாம் நல்ல நாளில். குளித்து, தலை வாரி, வெயில் தாழ்ந்த பிறகு போகிறோம். வீட்டின் அருமை தெரிவதோ, கட்டிலை விட்டு எழ முடியாத நாளில். அந்த நாளில் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியுமா என்பதே கேள்வி.

முதல் தேவை தூக்கம். இந்த நோயில் தூக்கம் கெடுவது, மனம் எகிறப்போவதன் அறிகுறியாகவும் இருக்கும், காரணமாகவும் இருக்கும். ஆகவே கல்யாண மண்டபத்துக்குப் பின்தெரு ஆகாது. அம்மன் கோவில் இருக்கும் தெருவை ஆனியில் பார்த்தால் அத்தனை அமைதியாக இருக்கும். ஆடி பிறந்தால்தான் தெரியும். ஆனால் ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை, காட்டுவதும் குறைவு. அதனால் நான் கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருவில் நடப்பேன், குழாய் ஸ்பீக்கர் கட்டிய கம்பி எங்காவது தொங்குகிறதா என்று. கூட வந்த தரகருக்கு நான் கேபிள் டிவி ஆளோ என்று சந்தேகம்.

இரண்டாவது தண்ணீர். பல வீடுகளில் மெட்ரோ தண்ணி விடிகாலையில்தான் வரும். எழுந்து கைபம்பில் அடித்துப் பிடித்து வைக்க வேண்டும். இரவு நான் சாப்பிடும் மாத்திரை அந்த நேரத்தில் ஆளை எழ விடாது. எழுந்தாலும் கால் தரையில் நிற்காது. தண்ணி பிடிக்காத பெண்ணுக்குத் தெருவில் என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பும் மோட்டாரும் இருக்கும் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். அது எனக்குச் சொகுசு அல்ல.

மூன்றாவது வெயில். லித்தியம் சாப்பிடுகிறவரின் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். அளவு கூடினால் கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். மேலும் கூடினால் ஆபத்து. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு வாடகை குறைவு, காற்றும் வரும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் இரவு பத்து மணிக்குக்கூட அதன் கூரை அனலைக் கொட்டும். எல்லாருக்கும் அது வேர்வை. எனக்கு அது மருந்தின் கணக்கு.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? காரணத்தைச் சொல்லாமல் கேட்டால் நான் நச்சரிக்கும் பெண். சொன்னால் வீடு கிடைக்காது. ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்த பிறகு, அந்த அம்மா என் கைப்பையிலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இத்தனை மாத்திரை?"

"தைராய்டும்மா."

"அதானே பாத்தேன். எனக்கும் இருக்கு. காலைல வெறும் வயித்துல சாப்பிடணும், என்ன?"

பொய் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. நீண்ட நாள் லித்தியம் சாப்பிட்டால் தைராய்டு சுரப்பி மந்தமாவது நடக்கக்கூடியது. எனக்கு நடந்தது. அந்த டப்பாவில் தைராய்டு மாத்திரையும் இருந்தது. நம் ஊரில் சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய நோய்கள். மனதின் நோய் அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் வாடகை வீட்டுக்குள் நுழைய முடிகிறது. நாள்பட்ட நோய் உள்ளவர் தன் வீட்டுக்காரரிடம் மருத்துவச் சான்றிதழ் நீட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தச் சலுகை எனக்கும் உண்டு என்பது என் முடிவு. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் அக்காவுக்கு போன் போட ஒரு ஆள் வேண்டும். அவர் வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை.

ஒரு தரகர் கீழ்ப்பாக்கத்தில் நல்ல வீடு ஒன்று இருப்பதாகச் சொன்னார். என் சக்திக்கு மீறிய வாடகை. ஆனால் அக்கா வேண்டாம் என்றதற்குக் காரணம் வாடகை இல்லை. "கீழ்ப்பாக்கம்னா ஜனங்க சிரிப்பாங்கடி." 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை 1871 முதல் அந்தப் பக்கத்தில் இருப்பதால், பெரிய பங்களாக்கள் நிறைந்த ஒரு பேட்டையின் பெயரே கேலியாகிவிட்டது. அந்த மருத்துவமனையை 1961 முதல் பல வருடம் நடத்திய டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் அவர் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். சிகிச்சை முடிந்த பிறகும் வீடு திரும்ப முடியாமல் ஆட்கள் கிடப்பதை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

முன்பு சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவர் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உள்ளவர் என்கிறது. குடும்பம் இல்லை, ஏற்றுக்கொள்ளவில்லை, தங்க இடமில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் அவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக்கூடாது என்கிறது. நல்ல வரிகள். ஆனால் தெருவுக்கு வந்து பார்த்தால் அந்த உரிமையின் சாவி ஒரு வீட்டுக்காரரின் தலையசைப்பில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் உள்ளே நுழைகின்றன. எல்லா ஒப்பந்தத்தையும் பதிவு செய்யச் சொல்கிறது. ஒரு வருடத்துக்குக் குறைந்தால் பதிவு தேவையில்லை என்ற பழைய காலத்துப் பழக்கத்தில் பதினொரு மாத ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது. நோயைக் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்று மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

பதினொரு மாதம் எனக்குப் பெரிய விஷயம். புது வீட்டில் தூக்கம், சாப்பாடு, நடை எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வரவே சில மாதம் பிடிக்கும். "மூணு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போடலாமா?" என்று நான் கேட்கும்போது வீட்டுக்காரர்கள் மிரள்கிறார்கள். வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறேனோ என்ற பயம்.

மிரளாதவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இதே ஊரில் சான்று உண்டு. 1993-இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு, ஹோம் அகெய்ன் என்ற திட்டத்தில் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்குப் பிடிக்கிறது. மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் நாலைந்து பேராக அங்கே சமைத்து, கடைக்குப் போய், தேவையான உதவியோடு குடித்தனம் நடத்துகிறார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகத் தன் வழிகாட்டி நூலில் சேர்த்தது. என்னைவிடக் கடுமையான நோயைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கிடைத்த வீடு நோட்டின் எல்லா வரிக்கும் பொருந்தவில்லை. மருந்துக்கடை தூரம், பால்கனி இல்லை. சம்பு இருக்கிறது, மேலே இன்னொரு மாடி இருக்கிறது, கம்பத்தில் ஸ்பீக்கர் இல்லை. பார்த்த அன்று எனக்கு அது பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. அக்கா வந்து குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், சரி என்றாள். பால் காய்ச்சிவிட்டோம்.

அந்த வீட்டுக்காரருக்கும் நான் சொல்லவில்லை. மறுத்துவிடுவார் என்ற பயம் பாதி. சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏன் என்ற கேள்வி மீதி. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார்கள். இந்தக் கணக்கில் ஐம்பது பெரியவர்கள் இருக்கும் ஒரு குடியிருப்பில் எங்களவர்கள் ஐந்து பேராவது இருப்பார்கள். ஆகவே மனநோய் உள்ளவருக்கு வீடு கொடுப்பதா என்று சென்னை வீட்டுக்காரர்கள் இனிமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. எப்போதோ கொடுத்துவிட்டார்கள். எங்களில் பலர் மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள்.