சம்பளம் கேட்டு ஜெயித்த பியானோ பேராசிரியை!

பிரான்ஸின் புகழ்பெற்ற இசைக் கல்லூரி, பாரிஸ் கன்சர்வேட்டரி. 1842-ல் அங்கே பியானோ பேராசிரியையாகச் சேர்ந்தார் லூயீஸ் ஃபராங்க். அதே வேலையைப் பார்த்த ஆண்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு.

லூயீஸ், 1804-ல் பாரிஸில் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் அரிஸ்டீட், புல்லாங்குழல் கலைஞர், இசைப் பதிப்பாளர். ஓப்பரா எழுதினால்தான் பெயர் கிடைக்கும் என்றிருந்த ஊரில், லூயீஸ் மூன்று சிம்பொனிகள் எழுதினார்.

1850-ல் அவருடைய ‘நோனெட்’ மேடையேறியது. ஒன்பது கருவிகளுக்கான இசை அது. எழுதியவர் பியானோ கலைஞர். ஆனால், அந்த ஒன்பதில் பியானோ இல்லை! வயலின் வாசித்த ஜோசப் யோவாகிம் அப்போது 20 வயதைத் தொடாத இளைஞர். பின்னாளில் உலகமே கொண்டாடிய வயலின் மேதை.

நோனெட் பெரும் வெற்றி. சூட்டோடு சூடாக, கல்லூரி இயக்குநர் ஓபேரிடம் ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டார் லூயீஸ். எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, அது கிடைத்தது.

அடுத்து விழுந்ததுதான் பேரிடி. அம்மாவிடமே பியானோ கற்று, கலைஞராக வளர்ந்த ஒரே மகள் விக்டோரின், 1859-ல் 32 வயதில் நோயால் இறந்துபோனார். அதன்பிறகு லூயீஸ் புதிதாக எழுதியது மிகக் குறைவு.

ஆனாலும், பியானோவை மூடிவைக்கவில்லை. பல நூற்றாண்டுகளின் பழைய இசையைத் தேடித் தொகுக்கும் பணியில் கணவரோடு இறங்கினார். 1865-ல் கணவரும் மறைய, தனியாகவே தொடர்ந்தார். 1875-ல் அவர் மறைந்தபோது, அந்தத் தொகுப்பு அச்சேறியிருந்தது.