விடியற்காலைச் சாதகம்

கர்நாடக இசை கற்பவர்களின் முதல் பாடம் சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகத்தில், ஆதி தாளத்தில், ஏழு சுரங்களிலும் ஏறி இறங்குவதுதான் அதன் தொடக்கம். இந்தப் பாடமுறையை வகுத்துக் கொடுத்தவர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புரந்தரதாசர் என்று இசை மரபு சொல்கிறது. சரளிக்குப் பிறகு ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை எனப் பாடம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கீர்த்தனைக்கு வந்துவிட்டதால் சரளி முடிந்துவிடுவதில்லை. மேடையேறிப் பெயர் வாங்கிய வித்வான்கள் பலர் காலையில் தனியாக உட்கார்ந்து குரலைச் சீர்செய்யும்போது அந்தத் தொடக்கப் பாடங்களுக்கே திரும்பி வருகிறார்கள். அன்றாடப் பழக்கம் ஒருவரை எப்படி வளர்க்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் அரிது. மற்ற துறைகளில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய நாளாகும். இங்கே அது காதில் விழுகிறது.

முதல் சரளியில் மொத்தம் பதினாறு சுரங்கள்: மேல் ஸட்ஜத்தையும் சேர்த்து ஏறும்போது எட்டு, இறங்கும்போது எட்டு. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை என்று கை தொடையில் ஆதி தாளம் போடும்; இந்த எட்டு எண்ணிக்கை ஒரு ஆவர்த்தனம். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், எண்ணிக்கைக்கு ஒரு சுரம் என்பதால் பாடம் முடிய இரண்டு ஆவர்த்தனம் ஆகும். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு சுரம், ஒரே ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு சுரம் விழுவதால் அரை ஆவர்த்தனத்திலேயே பாடம் முடிந்துவிடும். கை ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்க, குரல் மட்டும் இரட்டித்து இரட்டித்துப் போக வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் மூன்றாம் காலத்துக்குத் தாவத் துடிப்பார்கள். வேகமாகப் பாடினால் நன்றாகப் பாடுவதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. உண்மையில் மூன்றிலும் கடினமானது முதல் காலம்தான். ஒரு சுரத்தில் முழு எண்ணிக்கை நிற்கும்போது குறையை ஒளித்துவைக்க இடமே இல்லை. மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டி நிற்கும். அதற்கும் காந்தாரத்துக்கும் நடுவே அகன்ற இடைவெளி. பஞ்சமத்துக்கு மேலேயும் தைவதம், நிஷாதம், மேல் ஸட்ஜம் ஆகியவை அதே அளவில் அடுக்கப்பட்டிருக்கும். கீழ்ப்பாதியில் காது பிடித்துக்கொண்ட தூரத்தை மேல்பாதியில் சரிபார்க்கலாம் என்பதால், தொடக்கப் பாடத்துக்கு இந்த ராகம் மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. அப்படியும் மேல் ஸட்ஜத்தைத் தொடும் குரல் ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். மூன்றாம் காலத்தில் அந்த மயிரிழை யாருக்கும் தெரியாது. முதல் காலத்தில் சுருதிப் பெட்டி அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சாதகம் எனப்படும் இந்த அன்றாடப் பயிற்சியில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. தினமும் எழுந்து பாயில் உட்கார்வது ஒன்று. உட்கார்ந்தபின் பாடுவது இன்னொன்று. முதலாவது எவ்வளவுக்கு எவ்வளவு யோசனையில்லாமல் நடக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. இரண்டாவது யோசனையில்லாமல் நடக்கத் தொடங்கிய அன்றே வளர்ச்சி நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பத்து வருடம் தவறாமல் ஒரு காரியத்தைச் செய்தும் முதல் வருடத்தில் இருந்த இடத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

முதல் வேலையைப் பற்றி ஆய்வு நிறையச் சொல்லியிருக்கிறது. ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் அழகு அறுவை மருத்துவராக இருந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் வெளியிட்ட ஒரு நூலிலிருந்து கிளம்பிய பேச்சு அது. மாறிய முகத்துக்கோ இழந்த உறுப்புக்கோ மனம் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது பிடிக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘மூன்று வாரமாவது’ என்பது ‘மூன்றே வாரம்’ என்றாகி, எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் இதை நேராகவே அளந்து பார்த்தார்கள். கலந்துகொண்ட 96 பேரில் ஒவ்வொருவரும் சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது, மாலையில் சிறிது ஓடுவது போன்ற ஏதோ ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே வேளையில் செய்துவந்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட இடைநிலையாக 66 நாள் ஆனது. 18 நாளில் எட்டிவிடக்கூடியவர்களும் இருந்தார்கள். 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவர்களும் இருந்தார்கள். எளிய செயல் சீக்கிரம் படிந்தது, கடினமானது இழுத்தடித்தது.

அதே ஆய்வில் தெரியவந்த இன்னொரு செய்தி, சோர்ந்துபோனவர்களுக்குப் பெரிய ஆறுதல். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஜுரத்திலோ ஊர்ப் பயணத்திலோ ஒரு நாள் போனால், மறுநாள் உட்கார்ந்தால் போதும். சங்கிலி அறுந்துவிட்டது, இனி எதற்கு என்று மொத்தத்தையும் கைவிடுவதுதான் உண்மையான கேடு.

வேளையும் இடமும் மாறாமலிருப்பதன் பயனும் இதே இடத்தில் விளங்கும். குருகுலவாசத்தில் விடியற்காலைச் சாதகம் எழுதாத சட்டமாக இருந்தது. அந்த நேரத்தில் தெரு அடங்கியிருக்கும், வயிறு கனக்காது, கீழ்ச் சுரங்களான மந்தர ஸ்தாயியில் குரல் நன்றாக இறங்கிப் பேசும். இந்தக் காரணங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் எழுந்ததும் பல் துலக்கி முகம் கழுவியதும் அடுத்த காரியம் இதுதான் என்று ஆகிவிடுவது அவற்றைவிடப் பெரிய பலம். பாடலாமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற விவாதத்துக்கு அங்கே இடம் கிடையாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின: ‘இனி ஒழுங்காகப் பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட, ‘இந்த வேளை வந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டியவர்கள் சொன்னதைச் செய்து முடித்தது அதிகம். மனவலிமை குறைவு என்று தன்னையே நொந்துகொள்ளும் பலருக்கு உண்மையில் குறைவது வேளையும் இடமும்தான்.

இரண்டாவது வேலைக்கு வரலாம். பாயில் உட்கார்ந்தபின் என்ன நடக்கிறது? உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய துணை ஆய்வாளர்கள் இருவரும் பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் மிகச் சிறந்தவர்கள் என்று சுட்டிய மாணவர்கள் 18 வயதுக்குள் தனிப் பயிற்சியில் சராசரியாக 7,410 மணி நேரம் செலவிட்டிருந்தார்கள். அடுத்த நிலையினர் 5,301, பள்ளி இசையாசிரியராகும் படிப்பில் இருந்தவர்கள் 3,420. இந்த ஆய்விலிருந்துதான் பிற்காலத்தில் ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்ற முழக்கம் பிறந்தது. 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூல் அதை உலகமெங்கும் கொண்டுபோனது.

எரிக்ஸன் அந்த முழக்கத்தை ஏற்கவில்லை. அவர் அழுத்திச் சொன்னது மணிக்கணக்கை அல்ல; ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் வகுத்துக் கொடுத்த வழியில், முழுக் கவனத்தோடு திருத்திக்கொண்டே செய்யும் பயிற்சியை. அதே ஆய்வை 2019இல் அமெரிக்காவில் புதிதாகச் செய்து பார்த்தபோது, மிகச் சிறந்தவர்களுக்கும் அடுத்த நிலையினருக்கும் இடையே பயிற்சி நேரத்தில் அந்தப் பழைய இடைவெளி கிடைக்கவில்லை. நேரம் தேவைதான். ஆனால் நேரம் மட்டும் ஆளைப் பிரித்துக் காட்டிவிடாது. பெர்லின் மாணவர்களைப் பற்றிய ஒரு சிறு செய்தியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தனிப் பயிற்சி தங்கள் முன்னேற்றத்துக்கு மிக முக்கியமானது என்று சொன்ன அவர்கள், அது மிகுந்த உழைப்பைக் கேட்பது என்றும், ஓய்வுப் பொழுதைப்போல இன்பம் தருவதன்று என்றும் சொன்னார்கள். சிறந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். பகலிலும் சற்றுக் கண்ணயர்ந்தார்கள். கவனம் தீர்ந்தபின் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாதகத்தில் இந்தக் கவனம் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு வர்ணத்தை வைத்துப் பார்க்கலாம். முழு வர்ணத்தையும் ஐந்து முறை பாடித் தீர்த்துவிட்டு எழுந்து போகலாம். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். வழுக்குகிற இடமோ வர்ணத்தின் ஒரு பகுதியான முத்தாயி சுரத்தில், நான்கு சுரம் கொண்ட ஒரே ஒரு திருப்பமாக இருக்கும். ஐந்து முறையும் அங்கே வழுக்கி, வழுக்குவதே பாடமாகிவிடும். அந்த நான்கு சுரங்களை மட்டும் பிரித்தெடுத்து, சுரத்தின் அசைவான கமகத்தை நீக்கிவிட்டு நேர் சுரமாகப் பாடி, சுருதி சேர்ந்தபின் கமகத்தை மெல்லச் சேர்த்து, பிறகு முன்னும் பின்னும் சில சுரங்களை இணைத்துப் பாடுகிறவருக்குக் கால்மணி நேரத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். எழுத்தானாலும் கணக்கானாலும் பந்தாட்டமானாலும் முறை இதேதான். தெரிந்ததைத் திரும்பச் செய்வது சுகமாக இருக்கும்; வளர்ச்சி இருப்பது தெரியாத அந்த நான்கு சுரத்தில்.

தன் குறை தன் காதுக்குக் கேட்பது மிகக் கடினம். பாடும்போது ஒருவர் கேட்பது காற்றில் வரும் குரலோடு மண்டையெலும்பு வழியே வரும் அதிர்வும் கலந்த ஒலி. அதனால்தான் பதிவில் தன் குரலைக் கேட்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். குருவின் எதிரே உட்கார்ந்து பாடுவதற்கு ஈடு கிடையாது. அவர் ‘உம்’ கொட்டும் விதத்திலேயே சுருதி விலகியது மாணவருக்குத் தெரிந்துவிடும். லால்குடி ஜெயராமன் தம் தந்தை கோபால ஐயரிடம் கடுமையான கட்டுப்பாட்டில் வயலின் கற்றவர். அவர் வில்லின் தெளிவுக்குப் பின்னால் இன்னொருவருடைய விடாத காது இருந்தது. குரு பக்கத்தில் இல்லாத நாளில் கைப்பேசியில் பதிவுசெய்து, அன்றே கேட்காமல் மறுநாள் காலை கேட்பது நல்ல உபாயம். ஓர் இரவு கழிந்தால் நம் குரலையே வேற்றார் குரலைப்போலக் கேட்க முடியும். நாட்குறிப்பு எழுதுவதும் செலவைக் குறித்துவைப்பதும் இதே உதவியைத்தான் செய்கின்றன. நடந்ததை நினைவு மாற்றி எழுதிக்கொள்ளும், தாள் மாற்றாது.

பழக்கத்தைப் பேசும்போது மனநிலையைப் பேசாமலிருக்க முடியாது. பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908இல் பிறந்தார். இளமையில் அவர் குரல் பாட்டுக்கு ஒத்துவராது, வயலின் கற்றுக்கொள் என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். அவர் பாட்டை விடவில்லை. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் முதலான ஆசான்களிடம் பயின்று, ஓயாத அசுர சாதகத்தால் அந்தக் குரலையே பழக்கி எடுத்து, 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் பாடினார். அந்தக் குரல் கடைசிவரை தேன் குரலாக மாறிவிடவில்லை. எந்த அளவு அது வளையும், எங்கே வளையாது என்று அறிந்து, அதற்கேற்ற பாணியை அவர் அமைத்துக்கொண்டார். குறையை மறுக்காமலும் அதனிடம் தோற்காமலும் நின்ற நிதானம் அது.

திறமை பிறவியில் வந்து அப்படியே நிற்பதன்று, முயற்சியால் வளரும் என்று நம்புகிறவர்கள் தோல்வியிலிருந்து சீக்கிரம் எழுகிறார்கள் என்பது கரோல் டுவெக் என்ற உளவியலாளரின் கருத்து. 2006இல் வெளிவந்த அவருடைய நூல் பள்ளிகளில் பெரிய அலையை எழுப்பியது. பிறகு அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரிடம் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், இந்த எண்ணத்தைக் கற்பிக்கும் குறும்பாடத்தால் மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது உண்மையான முன்னேற்றம், ஆனால் சிறியது. நம்பிக்கை பாயில் உட்காரத் துணிவு தரும். பாட்டை அது பாடித் தராது. சுவரில் ஊக்க வாசகம் எழுதி ஒட்டுவதற்கும் சரளி பாடுவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

சாதகத்துக்கு அளவு உண்டு. தொண்டை கட்டியிருக்கும்போது முரட்டுத்தனமாகப் பாடினால் குரல்நாண் வீங்கும். சிலருக்குக் குரல் நிரந்தரமாகவே கெடும். பையன்களுக்குப் பதின்ம வயதில் வரும் மகரக்கட்டு இதற்கு நல்ல பாடம். நேற்றுவரை எட்டிய ஸ்தாயி இன்று எட்டாது, குரல் நடுவில் உடையும். அந்தப் பருவத்தில் நல்ல ஆசான்கள் மாணவனை வற்புறுத்திப் பாடவைக்க மாட்டார்கள். கேட்கச் சொல்வார்கள், தாளம் போடச் சொல்வார்கள், வீணையையோ வயலினையோ கையில் கொடுப்பார்கள். உட்காரும் வேளை மாறாது, செய்யும் வேலை மட்டும் மாறும். கைக்குழந்தை உள்ள தாய்க்கும், இரவுப் பணிக்கு மாற்றப்பட்டவருக்கும், நோயிலிருந்து எழுந்தவருக்கும் இதே வழி பொருந்தும்.

நீண்ட இடைவெளிக்குப் பின் சாதகத்துக்குத் திரும்புகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்த்து மனம் உடைகிறார்கள். ராக ஆலாபனையோடு விட்டவர் ஆலாபனையோடு வந்தால், மூச்சு பாதியில் நிற்கும், வேகமான சுர உருட்டலான பிருகா வராது. பழுத்த வித்வான்கள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் நேராக மந்தர ஸ்தாயிக்குப் போவார்கள். ஒரு ஸட்ஜத்தை நீளமாகப் பிடித்து நிற்பார்கள், பிறகு ‘ஆ’ என்று பாடும் அகாரம், பிறகு சரளி முதல் காலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பாட்டு கற்க வருகிறவர்களுக்கும் இந்த வரிசையே போதுமானது. அவர்களிடம் சிறுபிள்ளையின் குரல் வளைவு இருக்காது. ஆனால் ரிஷபம் ஏன் ஸட்ஜத்தை ஒட்டி நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை இருக்கும். காலையில் இருபது நிமிடம், சுருதிப் பெட்டி, தொடையில் தாளம், முதல் காலத்தில் பதினாறு சுரம் என்று அவர்கள் அன்றே தொடங்கிவிடலாம்.