லியன்ஸ் ஓவியம்

ஓவியர் கொரோல்கோவ் வரைந்த அந்த ஓவியத்தை நேற்றிரவு மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கக் கூடாது, தூக்கம் போய்விட்டது.

1945 ஜூன் 1. ஆஸ்திரியாவின் லியன்ஸ் பக்கத்தில் பெக்கெட்ஸ் முகாம். திறந்தவெளியில் பாதிரியார்கள் பூசை செய்ய, சுற்றிலும் கொசாக் குடும்பங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்து அவர்களை லாரியில் ஏற்றுகிறார்கள், ஸ்டாலினிடம் ஒப்படைக்க. பிள்ளையோடு திராவ் ஆற்றில் குதித்த தாய்மார்களும் உண்டு.

இந்தக் கொசாக்குகள் ஹிட்லர் பக்கம் நின்று போரிட்டவர்கள். அதை மறைத்துவிட்டு இந்தப் படத்துக்காகக் கண்ணீர் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

இந்த ஒப்படைப்புக்கு அடிப்படையான யால்டா ஒப்பந்தம் சோவியத் குடிமக்களைப் பற்றித்தான் பேசியது. புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போய், சோவியத் குடிமகனாகவே இருந்திராத கிழட்டுக் கொசாக் தளபதி கிராஸ்னோவையும் சேர்த்தே பிடித்துக் கொடுத்தார்கள். மே 28 அன்று ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொசாக் அதிகாரிகளை அழைத்துப் போனார்கள். 1947 ஜனவரியில் மாஸ்கோவில் கிராஸ்னோவுக்குத் தூக்கு.

கொரோல்கோவும் கொசாக்குகளின் டான் ஆற்றங்கரைக்காரர்தான். எழுத்தாளர் ஷோலகோவின் டான் நாவலுக்குச் சித்திரம் போட்டவர், பின்னால் அமெரிக்கா போய்விட்டார். நாவலின் கொசாக்குகளை வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது என்பதை நேற்றுத்தான் யோசித்தேன். மறுபடியும் ஷோலகோவை எடுத்து வைத்திருக்கிறேன்.